குட்டி படுக்கும் தரை

தொடக்க நூலின் 33ஆம் அதிகாரத்தில் ஏசாவும் யாக்கோபும் நீண்ட பகைக்குப் பின் சந்திக்கும் காட்சி வருகின்றது. சேர்ந்து போவோம் என்று அண்ணன் அழைக்கிறான். தம்பியோ, தன்னோடு சிறு பிள்ளைகளும் பால் கொடுக்கும் ஆடுமாடுகளும் வருவதாகவும், அவற்றை ஒரே நாள் விரட்டி நடத்தினாலும் மந்தை முழுவதும் செத்துப்போகும் என்றும் சொல்லி, ஆறுதலாகப் பின்னால் வருகிறான். பின்பு ஓரிடத்தில் தங்கி, தனக்கு ஒரு வீடும் கால்நடைகளுக்குக் கொட்டில்களும் போடுகிறான். அவ்விடத்துக்குச் சுக்கோத்து என்று பெயர் வந்தது. கொட்டில்கள் என்பது அதன் பொருள். யாக்கோபு தனக்குக் கட்டிய வீடு அந்த ஊருக்குப் பெயர் கொடுக்கவில்லை. கால்நடைகளுக்குப் போட்ட கொட்டிலே பெயர் கொடுத்தது.

எமது மக்களுக்கு இந்த அதிகாரத்தை விளக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்கள், அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஒதுங்கிய முஸ்லிம் குடும்பங்கள், 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தவர்கள், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் ஊரூராக ஓடியவர்கள் என்று யாரைக் கேட்டாலும், கட்டையில் நின்ற ஆட்டைக் கயிறவிழ்த்து விட்டுவிட்டு வந்த கதை ஒன்று இருக்கும். குட்டியை மட்டும் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தோம் என்று சொன்னவர்களும் உண்டு.

புதிய இடத்தில் அடுப்பு மூட்டியபின் எமது குடும்பங்கள் முதலில் தேடுவதும் ஆட்டைத்தான். மாட்டுக்குத் தரவை வேண்டும். ஆட்டுக்கு வேலிக்குழை போதும். பள்ளிக்கூடச் செலவோ ஆஸ்பத்திரிச் செலவோ திடீரென்று வந்தால் ஒரு கிடாய்க்குட்டியை விற்று அந்த நாளைச் சமாளிக்கலாம். ஆகவே ஆட்டின் பயன் குட்டியிற்றான் இருக்கின்றது. ஈன்ற குட்டி நிற்காவிட்டால், தாய்க்குப் போட்ட குழையும் புண்ணாக்கும் வீண். குட்டி நிற்பதும் நிற்காததும், நின்றால் கொழுப்பதும் தேய்வதும், அது இரவில் எங்கே எப்படிப் படுக்கின்றது என்பதிற் பெரும்பாலும் தங்கியிருக்கின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதை நாம் புத்தகத்திற் படித்து அறிந்ததைவிடத் தவறு செய்து அறிந்ததே அதிகம்.

நாம் விட்ட பிழை

சில ஆண்டுகளுக்கு முன் மீள்குடியேறிய ஒரு கிராமத்திற் குடும்பத்துக்கு இரண்டு மறியாடு வீதம் கொடுத்தோம். கொடுத்தது ஆவணியில். பல ஆடுகள் சினையாக இருந்தன. அதையிட்டு எமக்குப் பெருமையும் இருந்தது. அவை கார்த்திகையிலும் மார்கழியிலும் குட்டி போட்டன. கொட்டிலைப் பற்றி நாம் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. தறப்பாள் வீட்டின் தாழ்வாரத்திலும், நாலு தடி நட்டுக் கிடுகு போட்ட பத்தியிலும், சில வீடுகளில் மரத்தின் கீழும் ஆடுகள் நின்றன. பொங்கலுக்கு மறுநாள் நாம் போனபோது, குட்டி நின்ற வீடுகளைவிட நிற்காத வீடுகளே கூட.

ஒரு தாயார் சொன்னது இன்றும் காதில் இருக்கின்றது. "சுவாமி, பின்னேரம் துள்ளித் திரிஞ்ச குட்டி. இரவு தாயோடதான் படுத்தது. விடியப் பாத்தால் விறைச்சுக் கிடக்குது. கண்ணூறோ என்னவோ தெரியேல்லை." சிலர் நோய் என்றார்கள். நாமும் நோய் என்றே நினைத்து மருந்துப் பெட்டியோடு போயிருந்தோம்.

அன்றிரவு அங்கேயே தங்கி, ரோச் லைற்றுடன் சில வளவுகளுக்குப் போய்ப் பார்த்தோம். பகலிற் பார்த்தபோது குறை சொல்ல முடியாதிருந்த கொட்டில்கள் இரவில் வேறாகத் தெரிந்தன. உலர்ந்த இடமென்று ஒரு பாயளவு இருந்தது. அதில் தாயாடுகள் கால் மடித்துப் படுத்திருந்தன. குட்டிகளோ ஓரத்தில், கூரைத் தாவாரத் தண்ணீரும் மூத்திரமும் வடிந்து சேரும் தாழ்ந்த பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்தன. தாய் குட்டியைத் தள்ளிவிட்டதென்று நாம் அதைக் குறைகூறக் கூடாது. ஆட்டுக் கூட்டத்தில் வலியது நல்ல இடத்தை எடுக்கும், மெலியது எஞ்சியதை எடுக்கும். இடம் போதாத எந்தக் கொட்டிலிலும் இதுவே நடக்கும். முகாமில் வாழ்ந்தவர்களுக்கு இதிலும் விளக்கம் தேவையில்லை.

அன்று முதல் ஒரு சோதனையை வழக்கமாக வைத்திருக்கிறோம். விடியற்காலையிற் கொட்டிலுக்குள் போய், குட்டி படுத்திருந்த இடத்தில் ஒரு நிமிடம் முழந்தாளிட வேண்டும். முழந்தாளிடுவது எமக்குப் பழகிய வேலைதான். எழும்பும்போது முழங்கால் நனைந்திருந்தால், குட்டி இரவு முழுவதும் அந்த ஈரத்திலே படுத்திருந்தது என்று பொருள். முழந்தாளில் இருக்கும்போதே குட்டியின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து மூச்செடுத்துப் பாருங்கள். நின்றபடி மணக்காத மூத்திர நெடி அங்கே கண்ணைக் கரிக்கும்.

குட்டி சிறிய ஆடு அல்ல

வளர்ந்த ஆடு தாங்குவதைக் குட்டியும் தாங்கும் என்று நினைப்பதே பிழையின் வேர். ஊராட்டுக் குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ 1.5 கிலோ நிறைதான் இருக்கும். அதன் உடல் தன்னை 39 பாகை செல்சியசு அளவிற் சூடாக வைத்திருக்க வேண்டும். உடல் சிறிதாக இருந்தால் அதன் நிறையோடு ஒப்பிடத் தோலின் பரப்பு அதிகம். ஆகவே சூடு விரைவாக வெளியேறும். பெரிய பானைச் சோறு நெடுநேரம் சூடாக இருக்கும்போது சிறு கிண்ணத்துச் சோறு ஆறிப்போவதை நீங்கள் அறிவீர்கள்.

வளர்ந்த ஆட்டிடம் இன்னொரு அடுப்பும் உண்டு. அதன் அசைபோடும் வயிற்றுக்குள் குழை இரவெல்லாம் புளித்துக்கொண்டிருக்கும். அந்தப் புளிப்பிற் சூடு பிறக்கும். பிறந்த குட்டிக்கு அந்த வயிறு இன்னும் வேலை செய்யாது. அது 2, 3 கிழமையிற் குழை கொறிக்கத் தொடங்கும். 6 முதல் 8 கிழமை ஆகும்போதுதான் அந்த வயிறு ஒழுங்காக வேலை செய்யும். அதுவரை குடித்த பாலே அதன் விறகு. ஈரத்தில் படுத்த குட்டி அந்தப் பாலைச் சூட்டுக்கு எரித்துவிடும், வளர்ச்சிக்கு மிஞ்சாது. பால் குறைவென்றால் உயிருக்கே மிஞ்சாது.

நல்ல நிலையில் நிற்கும் ஊராட்டுக் குட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் நிறை கூடும், மாதத்துக்கு 1.5 கிலோ. ஜமுனாபாரிக் கலப்பென்றால் இன்னும் கூடலாம். இதைக் கண்ணாற் பார்த்துச் சொல்ல முடியாது. தொங்கு தராசும் ஒரு சாக்கும் இருந்தால் மாதத்துக்கு ஒரு தடவை நிறுத்துக் கொப்பியில் எழுதலாம். தராசு ஒரு கிராமத்துக்கு ஒன்று போதும். உலர்ந்த தரையிற் படுத்த குட்டிக்கும் ஈரத்திற் படுத்த குட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கொப்பி 2 மாதத்திற் காட்டிவிடும்.

குளிர் எவ்வளவு பொல்லாதது என்பதை 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் நாம் எல்லோரும் கண்டோம். வங்கக் கடலில் மண்டோஸ் புயல் நின்ற அந்நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. பரவும் நோயோ என்ற பயம் முதலில் எழுந்தது. குளிரே காரணம் என்று பின்னர் தெரிந்தது. திறந்த வெளியில் மழையில் நனைந்த உடலின்மேல் வேகமான குளிர்காற்று அடிக்க, வயிறும் வெறுமையாக இருந்தால், வளர்ந்த மாடே விழுந்துவிடும். அதன் பக்கத்தில் 2 கிலோக் குட்டி எம்மாத்திரம்?

ஈரத்தில் வளரும் எதிரிகள்

குளிர் ஓரிரவிற் கொல்லும். பிழுக்கை கிழமைக் கணக்கிற் கொல்லும். மண் தரைக் கொட்டிலிற் பிழுக்கையும் மூத்திரமும் மழைநீரும் சேர்ந்து மிதிபடும். அதற்குள் இரண்டு எதிரிகள் வளர்கின்றன.

முதலாவது, கொக்சிடியோசிஸ் என்ற இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர். தாயாடு அதைச் சிறிதளவு உடலில் வைத்துக்கொண்டே சுகமாகத் திரியும்; ஆனால் அதன் பிழுக்கையோடு அந்த நுண்ணுயிரின் முட்டை போன்ற கூடுகள் வெளியேறும. வெளியேறியவுடன் அவை தீங்கு செய்யா. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்துச் சில நாட்கள் சென்றபின்பே பிறவுயிரைப் பிடிக்கும் நிலைக்கு முதிரும். வெயிலில் நன்றாகக் காய்ந்தால் முதிராமலே கெட்டுப்போகும். குட்டியோ கண்டதையெல்லாம் நக்கிப் பார்க்கும் வயது. தாயின் மடியிற் சேறு பட்டிருந்தால் அதையும் சேர்த்தே உறிஞ்சும். 3 கிழமை முதல் 5 மாதம் வரையான குட்டிகளையே இது கூடுதலாகப் பிடிக்கின்றது. வால் பக்கம் அழுக்காகி, முதுகெலும்பு தெரிந்து, மயிர் சிலிர்த்து நிற்கும். மிருக வைத்தியர் மருந்து தருவார், கழிச்சல் நிற்கும். ஆனால் பிழைத்த குட்டியின் குடல் புண்பட்டுப் போவதால் அது பல மாதங்களுக்குத் தேறாது. அதே ஈரத்தரையில் மீண்டும் விட்டால் மருந்துச் செலவும் மீண்டும் வரும்.

இரண்டாவது, வயிற்றில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் புழு. இதன் முட்டையும் பிழுக்கையோடுதான் விழும். மாரி காலத்தில் ஒரு கிழமைக்குள் குஞ்சுப் புழுவாகி, பனியீரத்தில் புல்லின்மேல் ஏறும். நிலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரையிலான புல்லிற்றான் அவை கூடுதலாக இருக்கும். ஆகவேதான் ஒரே கட்டையில் நாட்கணக்காகக் கட்டிநின்று அடிப்புல்லைக் கரண்டும் ஆடு புழுவால் வாடுகின்றது. தலைக்கு மேலே தொங்கும் குழையைத் தின்னும் ஆடு தப்புகின்றது. காலையிற் பனி காயுமுன் குட்டியைப் புல்லில் விடாதீர்கள். குட்டியின் கீழ் இமையை விரித்துப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப்போய், தாடையின் கீழ் நீர் கட்டித் தொங்கினால் புழு அளவுக்கு மிஞ்சிவிட்டது. ஆனால் எல்லா ஆட்டுக்கும் மாதா மாதம் பூச்சி மருந்து பருக்குவதும் பிழை. புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும். கொட்டிலைத் திருத்தாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

மூத்திர நெடியைப் பற்றி மேலே சொன்னோம். அந்த நெடி அமோனியா என்ற வாயு. அது குட்டியின் மூக்கையும் சுவாசப்பையையும் அரித்துப் புண்ணாக்கும். அந்தப் புண்ணில் சளி நோய் இலகுவாகப் பிடிக்கும். குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் உரப்பையால் இறுக மூடிய கொட்டிலில் இது மோசமாக இருக்கும். காற்று குட்டியின்மேல் அடிக்கவும் கூடாது, கொட்டிலுக்குள் அடைபட்டு நிற்கவும் கூடாது. ஆகவே கீழே 2 அடி உயரத்துக்கு மறைப்பு, அதற்கு மேலே கூரை வரை திறந்த இடைவெளி என்பது எமது அனுபவத்திற் பொருந்தி வந்த வழி.

குட்டியின் குணம்

நிறையைத் தராசு காட்டும். குணத்தைக் காட்டத் தராசு இல்லை. ஆனாலும் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

காட்டு வழியில் வந்த பழக்கத்தால் ஆடு தன் பச்சைக் குட்டியை ஒரு மறைவிற் படுக்கவிட்டு மேயப்போகும். பால் கொடுக்கத் திரும்பி வரும். முதற் சில நாட்களிற் குட்டி தாயோடு ஒட்டித் திரிவதைவிட, ஓர் ஒடுக்கமான மறைவுக்குள் அடங்கிக் கிடக்கவே விரும்பும். அப்படியொரு மறைவு கொட்டிலில் இல்லாவிட்டால் அது தானே தேடும்: விறகுக் குவியலுக்குள், வாய்க்காலுக்குள், தெருவில் நிற்கும் லொறியின் கீழும்கூட. "குட்டியைக் காணேல்லை" என்று ஊர் முழுவதும் தேடுவதற்கு இதுவே காரணம். நாயும் நரியும் எடுப்பதும் அப்போதுதான். கொட்டிலின் மூலையில் ஒரு பலகைப் பெட்டியைக் கவிழ்த்து, குட்டி மட்டும் நுழையக்கூடிய வாசல் வெட்டி, உள்ளே வைக்கோல் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று குட்டிகள் ஒன்றாக அதற்குள் சுருண்டு ஒன்றையொன்று சூடாக்கும். தாய் அதற்குள் போக முடியாததால் உலர்ந்த இடத்தைப் பிடுங்கவும் முடியாது. மேலே சொன்ன கிராமத்தில் நாம் முதலிற் செய்த திருத்தம் இதுதான். செலவில்லாத அந்தப் பெட்டி, செலவழித்துச் செய்த பலவற்றைவிடப் பயன் தந்தது.

ஈன்ற முதல் மணித்தியாலங்களில் தாய் குட்டியை நக்கி அதன் மணத்தைப் படித்துக்கொள்கின்றது. அந்நேரம் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய் அடுப்படியில் வைத்தால், திரும்பக் கொடுக்கும்போது தாய் அதை அந்நியமாக எண்ணி முட்டித் தள்ளக்கூடும். குளிரென்றால் தாயையும் குட்டியையும் சேர்த்தே உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். கடும்புப்பாலை முதல் மணித்தியாலத்துக்குள் குடிக்கச் செய்யுங்கள். நோயை எதிர்க்கும் சக்தியைக் குட்டி அந்தப் பாலிலிருந்தே பெறுகின்றது. ஒரு நாள் கழிந்தால் அதன் குடல் அச்சக்தியை உள்ளிழுக்காது.

தனியாகக் கட்டிய குட்டி கத்திக்கொண்டே நிற்கும். அதைப் பசியென்று நினைத்துக் குழையை முன்னாற் போடுவார்கள். அது முகர்ந்துவிட்டு மீண்டும் கத்தும். ஆடு கூட்டத்துப் பிராணி. துணையில்லாத ஆட்டுக்குட்டி தீனையும் ஒழுங்காக எடுக்காது, கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கழுத்தையும் இறுக்கிக்கொள்ளும். கட்டத்தான் வேண்டுமென்றால் இன்னோர் ஆடு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிழலிற் கட்டுங்கள். கட்டையையும் நாளுக்கு நாள் மாற்றுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் கழுத்திற் கயிறே வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தாயிழந்த கிடாய்க்குட்டியைப் பிள்ளைகள் போத்தற்பால் பருக்கி மடியில் வைத்து வளர்ப்பார்கள். இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பதை நாம் கண்டிருக்கிறோம். தடுக்க மனம் வராது. ஆனாற் கூட்டத்தோடு பழகாமல் மனிதரோடு மட்டும் வளர்ந்த கிடாய், கொம்பு முற்றியதும் மனிதரையே தன் கூட்டமாக எண்ணி முட்டத் தொடங்கும். போத்தற்பால் கொடுத்தாலும் இரவில் மற்றக் குட்டிகளோடு படுக்கவிடுங்கள். மற்றபடி, முதற் கிழமைகளில் மெதுவாகத் தொட்டுத் தடவிப் பழக்கிய மறிக்குட்டி, பிறகு பால் கறக்கும்போது அடங்கி நிற்கும்.

துள்ளுவதை விளையாட்டென்று அசட்டை செய்யக் கூடாது. சுகமான குட்டி பின்னேரத்தில் துள்ளும், ஏறும், குதிக்கும், முட்டிப் பார்க்கும். துள்ளாத குட்டியே கவலைக்குரியது. ஒரு பழைய லொறி ரயரோ பனங்குற்றியோ முற்றத்திற் போட்டுவிட்டால் அது போதும். அந்தக் குற்றிக்கு இன்னொரு பயனும் இருக்கின்றது. விரட்டப்படும் மெலிந்த குட்டி அதன்மேல் ஏறியோ பின்னால் ஒளிந்தோ தப்பிக்கொள்ளும். நெருக்கமான வெறுங்கொட்டிலில் அதற்குத் தப்ப வழியில்லை. முட்டுப்பட்டு முட்டுப்பட்டு, கடைசியாகத் தின்று, கடைசியாகப் படுத்து, ஒரே வயதுக் குட்டிகளில் ஒன்று மட்டும் தேய்ந்துபோகும். அதற்கு நோய் தேடி அலைவதற்கு முன், குழைக்கட்டை ஒரே இடத்தில் தொங்கவிடாமல் இரண்டு மூன்று இடத்திற் பிரித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

பரண் கொட்டில்

மண்தரை, சீமெந்துத்தரை, பரண் என்ற மூன்றிலும் எது நல்லதென்று எம்மிடம் கேட்பார்கள். நன்கொடையாளருக்குப் படமெடுத்து அனுப்ப அழகானது சீமெந்துத் தரையும் தகரக் கூரையுந்தான். அதையும் நாம் ஒரு காலத்திற் கட்டிக் கொடுத்தோம். மாரியில் அந்தத் தரை குளிர்ந்து நனைந்து கிடந்தது. கோடையில் தாழ்ந்த தகரத்தின் கீழ் ஆடுகள் வாய் திறந்து இளைத்தன. கடைசியில் அவ்வீட்டார் தகரத்தின்மேற் கிடுகு வேய்ந்து, உள்ளே விறகு அடுக்கி வைத்துக்கொண்டார்கள்.

பரணே எமது சூழலுக்குச் சிறந்தது. பிழுக்கையும் மூத்திரமும் இடைவெளியால் கீழே விழுந்துவிடும். குட்டியின் வாய்க்கும் அதற்கும் தொடர்பு அறும். கீழே சேரும் பிழுக்கை காய்ந்து கிடக்கும். வெங்காயத் தோட்டக்காரர் தேடி வந்து வாங்குவார்கள். நாய்க்கும் கள்ளனுக்கும் சற்றுத் தடையாகவும் இருக்கும். ஆனாற் பரண் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். குட்டி சாவதையும் கால் முறிவதையும் பரணிலும் கண்டிருக்கிறோம்.

இடைவெளிதான் முதற் காரணம். வளர்ந்த ஆட்டுக்கு முக்கால் அங்குல இடைவெளி பொருந்தும். அதே இடைவெளியிற் பச்சைக் குட்டியின் குளம்பு இறங்கிப் பொறுத்துவிடும். குட்டிகள் படுக்கும் மூலையில் அரை அங்குலத்துக்கு மிஞ்ச வேண்டாம். சுண்டுவிரலை வைத்து அளந்தாற் போதும். சலாகை பனையோ கமுகோ, தட்டையான முகம் மேலே இருக்க வேண்டும். உருண்டைத் தடியில் குட்டி வழுக்கும்.

அடுத்தது, கீழிருந்து வரும் காற்று. மார்கழி வாடை பரணுக்குக் கீழால் புகுந்து இடைவெளிகளால் மேலே ஊதும். பிறந்து 3 கிழமை வரை குட்டி மூலையிற் சாக்கு விரித்து வைக்கோல் போடுங்கள். நனைந்த சாக்கை அன்றன்றே எடுத்துக் காயப்போட வேண்டும். இதைச் செய்யாவிட்டாற் பரணும் மண்தரையும் ஒன்றுதான்.

மூன்று தாயாடும் அவற்றின் நாலைந்து குட்டியும் நிற்க 8 அடிக்கு 7 அடி வேண்டும். தாய்க்கு 12 சதுர அடி, குட்டிக்கு 4 சதுர அடி என்பது கணக்கு. தளம் நிலத்திலிருந்து 3 அடியாவது உயரமாக இருந்தாற்றான் கீழே குனிந்து பிழுக்கை வாரலாம். கொட்டிலின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும். அப்படியானால் காலை மாலை வெயில் உள்ளே குறைவாக விழும். வடக்குப் பக்கத்தையும் கிழக்குப் பக்கத்தையும் ஐப்பசி தொடங்குமுன் கிடுகால் மறைத்து, மாசியிற் கழற்றிவிடுங்கள். கூரை 2 அடி வெளியே நீண்டிருந்தாற் சாரல் உள்ளே வராது. ஏறுபடிக்கு ஒரு பலகையிற் குறுக்குச் சட்டம் அடித்தால், ஒரு கிழமைக் குட்டியும் ஏறிவிடும்.

நாள் முழுவதும் பரணிலேயே அடைத்து வைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. குளம்பு தேயாமல் வளைந்து வளரும். குட்டிகள் சலித்து ஒன்றின் மயிரை ஒன்று சப்பும். தாயோடு பனி காய்ந்தபின் சில மணித்தியாலமாவது வெளியே போகும் குட்டி, எந்தக் குழை நல்லது, எது ஆகாது என்பதைத் தாயின் வாயைப் பார்த்தே கற்றுக்கொள்கின்றது. கொட்டிலிலேயே வளர்ந்த குட்டியைப் பிறகு காட்டோரம் விட்டால் தெரியாமல் நின்று பார்க்கும். ஆனால் அயலவரின் தோட்டத்துக்குள் விட்டுச் சண்டை தேட வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கம் ஆட்டைத் தேடியும் போக வேண்டாம்.

3 மாதம் ஆனதும் கிடாய்க்குட்டிகளைத் தட்டி அடித்துப் பிரித்துவிடுங்கள். அவை நாம் நினைப்பதைவிட விரைவில் பருவமாகும். 4, 5 மாத மறிக்குட்டியும் சினைப்பட்டுவிடும். வளர்ச்சி முடியாத மறி சினைப்பட்டால் தானும் வளராது, அதன் குட்டியும் நிற்காது.

கிடாய்க்கு விடும் மாதத்தையும் கொட்டிலோடு சேர்த்தே யோசியுங்கள். ஆட்டின் சினைக்காலம் 150 நாள். புரட்டாதியிற் சினைப்பட்ட ஆடு மாசியில் ஈனும். மழை ஓய்ந்து, குழையும் தாராளமாக இருக்கும். ஆனி, ஆடியிற் சினைப்பட்டது கடும் மாரிக்குள் ஈனும். இதை அறிந்திருந்தும் அன்று ஆவணியிற் சினையாடுகளைப் பங்கிட்டவர்கள் நாமே.

கழற்றக்கூடிய கொட்டில்

"காணி எங்கட இல்லை, சுவாமி. எப்ப எழும்பச் சொல்லுவாங்களோ தெரியாது. இதில கொட்டில் போட்டு என்ன?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆகவே இப்போது நாம் கற்பிக்கும் கொட்டில் ஆணி குறைந்தது. நான்கு மூலைக் கப்புகளையும் நடுக் கப்புகளையும் ஒன்றரை அடி தாழ்த்து நட்டு, வளைகளைக் கயிற்றாலோ கம்பியாலோ கட்டுகிறோம். கறையான் ஏறாமல் கப்பின் அடிக்குக் கழிவெண்ணெய் பூசலாம். தளத்தை ஒரே துண்டாக அடிக்காமல், 4 அடிக்கு மூன்றரை அடியாக நான்கு தட்டிகளாகச் செய்கிறோம். ஒவ்வொரு தட்டியையும் இரண்டு பேர் தூக்கலாம். மாதத்துக்கு ஒரு முறை கழற்றி வெயிலிற் காயவைக்கவும் அது உதவும். குட்டி மூலைக்குரிய நெருக்கச் சலாகைத் தட்டியிற் கரியால் ஒரு அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள்.

நலன்புரி நிலையத்திலிருந்து சொந்தக் காணிக்குத் திரும்பிய ஒரு குடும்பம் இந்தத் தட்டிகளை லான்ட்மாஸ்ரர் பெட்டியில் அடுக்கி, மேலே பாயும் பானையும் வைத்து, அதன்மேல் ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு போனது. மூன்று பெரியதும் ஐந்து குட்டியும். வளவு பற்றையாகக் கிடந்தது. கிணறு இறைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு அத்திவாரம் மட்டுமே எஞ்சியிருந்தது. தாங்கள் அன்றிரவு அயலிற் பள்ளிக்கூட விறாந்தையிற் படுத்தார்கள். கப்பு நாட்டுவதற்கு அலவாங்கு இல்லாமல் அயலூரில் இரவல் வாங்கியதாகவும், பின்னேரம் 5 மணிக்குள் தட்டிகளைப் பொருத்திவிட்டதாகவும் சொன்னார்கள். கூரைக்குக் கிடுகு பின்பே வந்தது. அதுவரை பழைய தறப்பாள்.